நாலு சக்கரத்துக்கும் காற்று

"டயர் காத்தைப் பன்னெண்டு பவுண்டு வரைக்கும் எறக்குவியா? அப்படி ஓட்டறதுக்குத் தனி நெஞ்சு வேணும்ப்பா," என்றார் நெவில்.

"மெதுவாத்தான் ஓட்டுவேன்," என்றான் டாரில். அவன் பாதி உடம்பு பானட்டுக்குள் இருந்தது. பேட்டரிக்குப் பக்கத்தில் உட்காரவைத்த புதுக் கம்ப்ரசரின் கடைசி போல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தான்.

நெவில், அடிலெய்டில் இருக்கும் ஒரு ஃபோர் வீல் டிரைவ் கிளப்பின் தலைவர். ஜூன் மாதம் கிளப் முழுக்க சிம்ப்சன் பாலைவனத்தைக் கடக்கப் போகிறது. வரிசையில் முதல் வண்டி டாரிலுடையதா, லாக்லனுடையதா என்று இன்றைக்கு அவர் முடிவு செய்தாக வேண்டும்.

கிளப்பில் சேர்ந்த நாளிலிருந்து டாரிலுக்குக் கிடைத்தது கடைசி இடம்தான். முன்னால் போகிற அத்தனை வண்டிகளின் புழுதியும் அவன் மூக்கில் வந்துதான் அடங்கும். ஒரே ஒரு தடவையாவது, முன்னால் எவனுடைய பின்பக்கமும் தெரியாத பாலைவனத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று மனுஷன் ஏங்கிக் கிடந்தான்.

அதற்காகவே ஈஸ்டர் லீவு முழுக்க இந்தக் கார் ஷெட்டை விட்டு நகராமல் வண்டியைச் சிங்காரித்தான். அடிப்பாகத்தைத் தூக்கினான். பெரிய டயர்களை மாட்டினான், தலைக்கு மேல் இரும்பு கேரியர் வைத்தான். அதற்குப் பிறகு கிளப் கூட்டத்துக்கெல்லாம் மனைவி ஜானினின் குட்டிக் காரில்தான், முழங்கால் தாடையில் இடிக்க இடிக்க வந்து இறங்கினான். பெரிய வண்டியில் பெரிய வேலை நடக்கிறது போல என்று கிளப்பில் பேசிக்கொண்டார்கள்.

நெவில் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அண்ணாந்து பார்த்தவர், கேரியரின் முன் கம்பியில் வெள்ளையாக ஒரு நீளக் கோடு இருப்பதைக் கண்டார்.

"என்ன இது, சிராய்ப்பு?"

"மரம் ஒண்ணு இடிச்சிருச்சு."

நெவில் மரியாதையோடு தலையசைத்தார். சிராய்ப்பில்லாத வண்டியை அவர் வண்டியாகவே மதிப்பதில்லை.

டாரில் டேஷ்போர்டில் ஒரு சுவிட்சைத் தட்டினான். கம்ப்ரசர் டர்ர்ரென்று உயிர் பெற்றது. காற்று கசிகிறதா என்று பார்க்க, ஜானின் குழாய் மூட்டுகளில் ஒவ்வொன்றாகச் சோப்புத் தண்ணீர் தெளித்தாள். எங்கேயும் குமிழி வரவில்லை. நாலு குழாய்கள் வழியாக நாலு டயரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தன. முப்பத்தாறு பவுண்டு வந்ததும் கம்ப்ரசர் தானாக நின்றது.

"அடேயப்பா," என்றார் நெவில். "போன வருஷம் மணலுக்காக எறக்கின காத்தை மறுபடி ஏத்த, ரோட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு பம்பு முன்னாடி மொத்த கிளப்பும் வரிசையில நின்னோம். கடைசி ஆளுக்குக் காத்து வர்றதுக்குள்ள எனக்குத் தாடியே வளந்துருச்சு. ஆனா நாலையும் ஒண்ணா எறக்கி ஏத்தற அளவுக்கு உனக்கு என்னப்பா அவசரம்?"

"தினமும் தேவைப்படுது, தலைவரே. காலைல எறக்கி ஏத்தணும். சாயங்காலமும் அதே கதைதான்."

நெவிலின் புருவம் தொப்பிக்குள் போய்விட்டது. "தினமுமா? வேலை நாள்லயுமா?"

"வேலை நாள்லதான் முக்கியமா."

"இத்தனை நாளும் என்ன பண்ணினே?"

"கால் பம்பு," என்றாள் ஜானின். "கால் என்னோடது."

"நீயும் கூடவே போறியா ஜானின்?"

"நான் முன்னாடி நின்னு கையைக் காட்டலைன்னா அவனால தாண்டவே முடியாது."

நெவில் தொப்பியைக் கழற்றினார். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் விடியற்காலையில் ஏதோ ஒரு மணல்மேட்டோடு மல்லுக்கட்டுகிற காட்சியை அவரே தன் மனதுக்குள் வரைந்து, சூரியோதயத்தையும் சேர்த்துக்கொண்டார். யாரும் அவரிடம் மணல் என்ற வார்த்தையைக்கூடச் சொல்லவில்லை. கிளப் தலைவர்களுக்கு யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை.

அங்கேயே நின்று லாக்லனுக்குப் போன் போட்டார்.

"லாக்லன், மனசுல வெச்சுக்காதே. முன் வண்டி டாரிலுது. நீ இந்த வருஷம் கடைசி... இல்லப்பா, சும்மா சொல்லலை. அவன் தினமும் பயிற்சி எடுக்கறான். நீ சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வண்டியைக் கழுவறே."

போனைப் பையில் போட்டுக்கொண்டு, முன் வண்டிக்கான ஆரஞ்சு நிறக் கொடியை எடுத்து டாரிலின் கையில் கொடுத்தார். டாரிலுக்குக் கண் கலங்கிவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, கிரீஸ் துணியிலேயே துடைத்துக்கொண்டான். மூக்கு கருப்பாகிவிட்டது. ஜானினுக்கும் சந்தோஷம்தான், ஆனால் அவள் கண் கொடியின் மேல் இல்லை, ஷெட் வாசலின் மேல் இருந்தது.

"வண்டியைத் தெருவுக்கு எடு," என்றார் நெவில். "கொடியோட ஒரு போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பிடறேன். லாக்லனுக்கு ரெண்டு தடவை."

டாரில் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினான். கிளப்பியவன் கியரைப் போடவில்லை. மனைவியைப் பார்த்தான். அவள் வாசலுக்குப் போய் வெள்ளையடித்த மேல் மரச் சட்டத்துக்குக் கீழே நின்று, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டாள். அவன் பெருமூச்சு விட்டபடி சுவிட்சை மறுபக்கம் தட்டினான்.

நாலு டயரிலிருந்தும் உஸ்ஸென்று காற்று இறங்க ஆரம்பித்தது.

"தெருவுக்குத்தானேப்பா போறோம்," என்றார் நெவில். "இப்ப எதுக்குக் காத்தை எறக்கறே?"

டாரில் கிரீஸ் துணியால் ஸ்டியரிங்கைத் துடைக்க ஆரம்பித்தான். ஜானின்தான், சட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னாள்.

"எறக்கலைன்னா இந்த ஷெட்டை விட்டே வெளிய வராது, நெவில்."