சிசிலியின் ஆளுநர்

போலீஸ்காரர் மேசை மேலிருந்த தட்டச்சடித்த தாள்கட்டைத் தூக்கி முதல் பக்கத்தைப் படித்தார். பிரெஞ்சில் தலைப்பு: ‘வென்றடக்கிய மாகாணத்தில் ஆளுநரின் அதிகாரம்.’

அவர் முகம் மாறியதைச் சண்முகவேல் பார்த்தார்.

1970 அக்டோபர். கனடாவில் பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணம் தனி நாடாக வேண்டும் என்ற கூட்டமொன்று இருவரைக் கடத்தி வைத்திருந்தது. மான்ட்ரியால் தெருக்களில் ராணுவம். வாரண்ட் இல்லாமல் யார் வீட்டிலும் நுழையலாம், யாரையும் பிடித்துக்கொண்டு போகலாம் என்று அன்று விடியற்காலைதான் உத்தரவு வந்திருந்தது.

"எந்த மாகாணம்?" போலீஸ்காரர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"சிசிலி. ரோமானியர்கள் முதன்முதலில் பிடித்த மாகாணம். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின கதை, சார்."

அவர் நம்பவில்லை. இன்னொரு போலீஸ்காரர் அலமாரிப் புத்தகங்களை வாரித் தரையில் போட்டுக்கொண்டிருந்தார். சண்முகவேலின் மனைவி அனுசூயா சமையலறை வாசலில் நின்றாள். உள்ளே உப்புமா அடிபிடித்தது. அவள் நகரவில்லை.

போலீஸ்காரர் நடுவில் ஒரு பக்கத்தைத் தட்டினார். "ஆளுநர் வைத்ததே சட்டம் என்று இருக்கிறதே. யாரைச் சொல்கிறது இது?"

சண்முகவேல் விளக்க ஆரம்பித்தார். ஒரு சொல் பிசகினாலும் போச்சு.

பதவிக்கு வந்ததும் ஆளுநர் ஓர் அறிக்கை போடுவார், வழக்குகளை எப்படி விசாரிப்பேன் என்று. சில ஊர்களைப் பழைய சட்டப்படியே இருக்க விடுவார்கள். ரோமக் குடிமகன் மேல் கைவைக்க ஆளுநருக்கே பயம். அவன் ரோமுக்கு முறையிடலாம். மற்றவன் ஆளுநர் கையில் அகப்பட்டால் அகப்பட்டதுதான். மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தார்.

"எழுதியது யார்?"

அனுசூயா வாயெடுத்தாள். "என்னங்க, வேணாம்..."

"நீ உள்ளே போ!"

அவளை அப்படி அவர் அதட்டியதே இல்லை.

"நான்தான் எழுதினேன்" என்று போலீஸ்காரரிடம் சொல்லிவிட்டு, கேட்காமலே கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

மாடிப்படியில் அவரை நடுவில் விட்டு இறக்கினார்கள். எதிர்வீட்டுக் கதவு கொஞ்சம் திறந்து, மூடிக்கொண்டது. திரும்பிப் பார்த்தால் அவள் ஓடி வந்துவிடுவாள் என்று அவர் திரும்பவே இல்லை.

சண்முகவேல் டோர்வல் விமான நிலையத்தில் எஞ்சின் பார்க்கும் பொறியாளர். ரோமானியரின் லத்தீனில் ஒரு சொல் தெரியாது. புதுச்சேரியில் பிரெஞ்சுச் சட்டம் படித்தவள் அனுசூயா. தான் எழுதுவதைப் பற்றி இரவு சாப்பாட்டில் அவள் சொன்னதெல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது, அவ்வளவுதான்.

அவர் போன வசந்தத்தில் கனடாக் குடிமகனாகியிருந்தார்.

அவளிடம் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான் இருந்தது.