ஆறு போர்டோ போத்தல்கள்

லண்டனில் நடேசலிங்கத்தின் கடைக்குள் நுழைந்த வைன் வியாபாரி குணசேகரன், கதவை அவரே உள்ளே தாழிட்டார்.

“ஆறு போத்தலும் இருக்குல்ல, அண்ணே? எண்பத்தஞ்சுல இந்த பிரெஞ்சு போர்டோ வைன் ஒண்ணு இருபது பவுண்டு. பத்தே வருசத்துல ஹாங்காங்காரன் முந்நூறுக்கு அள்றான். நான் ஒண்ணுக்கு நூறு தர்றேன்.”

“ஓம் தம்பி, இருக்கு. இந்த நோர்பரிக் கடையை வாங்கேக்கை பழைய முதலாளி விட்டிட்டுப் போனது” என்றார் மளிகைக்கடை நடேசலிங்கம்.

பின்னறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தார். ஆறும் வெறும் போத்தல்கள்.

“தவநாயகி! இதுக்குள்ள இருந்தது எங்கை?”

“சாமிப்படம் இருக்கிற இடத்திலை குடிவகையோ? சிங்க்கிலை ஊத்திப்போட்டன். நல்லெண்ணெய் விட உதவுமெண்டு போத்தலை வைச்சிருக்கிறன்” என்றாள் மனைவி.

ஒரு போத்தலைக் கொண்டுவந்து வைத்தார். “குறை நினையாதேங்கோ தம்பி. மனிசி எல்லாத்தையும் ஊத்திப்போட்டா.”

குணசேகரன் போத்தலை வெளிச்சத்தில் திருப்பி, லேபிளை விரலால் மெல்லத் தடவினார்.

“மத்த அஞ்சுலயும் லேபிள் எதுவும் கிழியலையே?”

“இல்லை.”

அறுநூறு பவுண்டை எடுத்து மேசையில் வைத்தார்.

“தம்பி, வைன் இல்லையே!”

“அதை சூப்பர்மார்க்கெட்ல மூணு பவுண்டுக்கு வாங்கி வச்சிருக்கேன், அண்ணே.”