பெரிய இடத்துச் சம்பந்தம்

“‘கொடை வள்ளல்’னு ஆரம்பி தாயி. பேரு அதுக்குப் பின்னாடி வரட்டும்.”

ஞானசெல்வி கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். அல்லிநகரத்தில் அவள் நடத்தும் பிரௌசிங் சென்டருக்குப் போடியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார் சுயம்புலிங்கம். போடியில் கம்ப்யூட்டர் இல்லாமல் இல்லை. அங்கே தெரிந்த முகங்கள் ஜாஸ்தி. கடைவீதியில் ஏலக்காயைப் பொட்டலம் கட்டி விற்கிறவர், இணையக் கலைக்களஞ்சியத்தில் தன்னைப் பற்றி ஒரு கட்டுரை ஏற்ற வேண்டும் என்று வந்து உட்கார்ந்து, காலையிலிருந்து தன்னை வளர்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, அதுல தன்னப் பத்தித் தானே எழுதக் கூடாதும்பாக.”

“நானா எழுதுறேன்? நீதான எழுதுற. நான் சும்மா பேசிக்கிட்டிருக்கேன்.”

வாதத்தில் ஓட்டை இல்லை. ஞானசெல்வி தட்டினாள்.

“தொழில்?”

“ஏலக்காய் எஸ்டேட் அதிபர்.”

“எஸ்டேட் எங்கன இருக்கு அண்ணாச்சி?”

“மலைக்கு மேல, கேரளாப் பக்கம். எம் மச்சினன் அங்கன கங்காணியா இருக்கான்.”

“அப்ப எஸ்டேட் அவருதா?”

“அவனுது இல்ல. ஆனா அவன் சொன்னாத்தேன் அங்கன ஒருத்தன் வேலைக்கு எறங்குவான். பெறகென்ன?”

பிறகொன்றுமில்லை. எஸ்டேட் ஏறியது.

“‘கல்வித் தந்தை’யும் சேத்துக்க.”

“பள்ளிக்கூடம் ஏதும் நடத்துறீகளா?”

“எம்மக விஜிய டிகிரி வரைக்கும் படிக்க வச்சேன்ல.”

அதுவும் ஏறியது.

“ஆதாரம் கேக்குது அண்ணாச்சி. வள்ளல்னு யாரு சொன்னாகன்னு காட்டணுமாம்.”

“திருவிழாவுக்கு வச்ச பிளக்ஸ்ல ஆளுயரத்துக்குப் போட்டிருக்கே.”

“பிளக்ஸ வச்சது யாரு?”

சுயம்புலிங்கம் திரையைச் சந்தேகமாகப் பார்த்தார்.

“அதையெல்லாமா கேக்குது?”

“கேக்கல. ஆனா வெவரம் தெரிஞ்சவுக யாராச்சும் பாத்தா, மொத்தத்தையும் அழிச்சிருவாக.”

“ஞாயித்துக்கெழம வரைக்கும் நிண்டாப் போதும் தாயி.” அவர் குரல் இறங்கியது. “விஜிக்குப் பூ வைக்க வாராக. மாப்ள வீடு பெரிய எடம். அவுக அப்பாவப் பத்தி இதே களஞ்சியத்துல அம்புட்டு எழுதியிருக்கு. நம்ம பேரத் தட்டுனா ஒண்ணுமே வரலைன்னு வையி, நாளைக்கு எம்பிள்ளைய அந்த வீட்டுல மதிப்பாகளா?”

இந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் ஆதாரம் தேவைப்படவில்லை, முகத்திலேயே இருந்தது. ஞானசெல்விக்குச் சற்று இரக்கமாகிவிட்டது.

“மாப்ள வீட்டப் பத்தி, அவுக ஊரு டீக்கடையில ஒரு வார்த்த விசாரிச்சீகளா அண்ணாச்சி?”

“எதுக்கு? டீக்கடைக்காரன் வாய்க்கு வந்ததச் சொல்லுவான். இது உலகமே பாக்குற எடம். இதுல போயிப் பொய் எழுத விட்ருவாகளா?”

அவர் முகத்தில் கேலியின் நிழல்கூட இல்லை. ஞானசெல்வி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

“பேசாம ஏத்து தாயி. பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

ஏற்றினாள். எஸ்டேட் அதிபரும் கொடை வள்ளலும் கல்வித் தந்தையுமாகிய சுயம்புலிங்கம், திரையில் தன் பேரை ஒருமுறை கண்குளிரப் பார்த்துவிட்டு, ஜன்னலோர சீட்டுப் பிடிக்க ஓடினார்.

சாயங்காலம் கடையைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

“ஞானசெல்வியா? நாந்தேன், ஆண்டிபட்டி சுந்தர்ராஜ் பேசுறேன். எம்மகனுக்கு முடிக்கப்போற பொண்ணோட அப்பாவ இப்பத்தேன் கம்ப்யூட்டர்ல பாத்தேன்; எஸ்டேட் அதிபராம், கொடை வள்ளலாம், மலைச்சுப் போயி உக்காந்திருக்கேன். போன மாசம் என் ரெண்டு தறியையும் நாலு மில்லுன்னு எழுதிக் குடுத்தேல்ல, அது பத்தாது தாயி, ஞாயித்துக்கெழமைக்குள்ள எட்டாக்கிரு.”