முன்னாலே ஓடுகிறவள்

"பாரும்மா, மறுபடியும் ஓடுறா! வண்டி நின்னதுதான் தாமதம், உன் மருமகளுக்கு நம்ம ரெண்டு பேரும் கண்ணுக்கே தெரியலை."

வேனிலிருந்து அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கியபடியே மகள் பொருமினாள். தோளில் ஒரு பெரிய துணிப்பையோடு மருமகள் அதற்குள் கோபுர வாசலைத் தாண்டிவிட்டாள்.

"போகட்டும் விடுடி. சின்னஞ்சிறுசு. பார்க்கணும்னு ஆசை இருக்காதா?"

"ஆசையெல்லாம் போட்டோ எடுக்கத்தான். உன்னைக் கை பிடிச்சு இறக்கி விட்டுட்டுப் போனா தேய்ஞ்சா போயிடுவா?"

கடல் நடுவே இருக்கும் இந்தத் தீவின் பழைய கோயில்களை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்பது அம்மாவின் வெகுநாள் ஆசை. டாக்டர்தான் தயங்கினார். சர்க்கரை வியாதி. பாதத்தில் உணர்ச்சியே இல்லை. போன கோடையில் சுடுதரையில் நடந்து, கொப்புளம் வந்ததுகூடத் தெரியாமல் இருந்துவிட்டாள். புண் ஆற மாதக்கணக்கானது. இன்னொரு தடவை வந்தால் விரலையே எடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார்.

"சாக்ஸாவது போட்டுக்கோம்மா."

"உறை மாட்டிக்கிட்டு சாமி முன்னாடி நிக்கவா? போடி!"

காலைப் படகு தாமதம். கோயில் வாசலுக்கு வருவதற்குள் வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. கல் பாவிய பிராகாரத்தைப் பார்த்ததுமே மகள் அம்மாவை வாசலிலேயே நிறுத்தினாள். முதலில் தன் காலை வைத்துப் பார்த்தாள்.

சில்லென்று இருந்தது. கல் நனைந்திருந்தது.

"பார்த்தியா! போன கோயில்லேயும் இப்படித்தான். எனக்காக அம்பாள் தரையைக் குளிர வெச்சிருக்கா."

"இப்பத்தான் கழுவி விட்டிருப்பாங்கம்மா."

தரிசனம் முடிந்து வேனில் ஏறியதும், அம்மாவின் பாதங்களை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். லேசாகச் சிவந்துகூட இல்லை.

"அப்பாடா!"

மருமகள் கடைசியாக வந்து ஏறினாள். முகமெல்லாம் வியர்வை. முந்தானை ஈரம்.

"என்ன அண்ணி, குளத்துல இறங்கிக் குளிச்சிட்டே வந்துட்டீங்களா? பை வேற புடைச்சிருக்கு. அதுக்குள்ள கடைவீதியையும் முடிச்சாச்சா?"

மருமகள் சிரித்து மழுப்பிவிட்டு, பையைக் காலடியில் தள்ளிக்கொண்டாள்.

கடைசிக் கோயில் கடலோரப் பாறைமேல் இருந்தது. வண்டி நின்றதும் மருமகள் பறந்தாள்.

மகளுக்குப் பொறுக்கவில்லை. "நீ உள்ளேயே உட்காரும்மா. இன்னிக்கு நறுக்குன்னு நாலு கேள்வி கேட்டுட்டு வரேன்."

விறுவிறுவென்று போய்ப் பிராகாரத்தில் காலை வைத்தவள், "ஸ்ஸ்!" என்று துள்ளிப் பின்வாங்கினாள். நெருப்பு!

கால் கழுவும் குழாயடியிலிருந்து அண்ணி ஓடி வந்துகொண்டிருந்தாள். கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் வாளி. வாசலிலிருந்து சன்னதிக்குப் போகும் வழி நெடுகத் தண்ணீரை ஊற்றினாள். வெறுங்காலோடு தாவித் தாவி மறுபடியும் குழாயடிக்கு ஓடினாள். தூணோரம் துணிப்பை காலியாய்க் கிடந்தது.

நாத்தனாரைப் பார்த்ததும் திருடி அகப்பட்டவள் மாதிரி நின்றாள்.

"அத்தைகிட்ட சொல்லிடாதீங்க. தெரிஞ்சா, 'உன் காலைச் சுட்டு எனக்கு ஒரு தரிசனமா'ன்னு வண்டியை விட்டே இறங்க மாட்டாங்க. சீக்கிரம் கூட்டிட்டு வாங்க, காய்ஞ்சுடும்."

மகள் திரும்பிப் போய் அம்மாவை அழைத்து வந்தாள்.

அம்மா கல்லில் கால் வைத்தாள். ஈரத்தைக் குனிந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இங்கேயும் பாருடி, அம்பாள் எனக்காக..." என்றவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "ஆமா, எங்கே உன் அண்ணி? மறுபடியும் முன்னாலே ஓடிட்டாளா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு மகள் சொன்னாள்:

"அம்பாள்னா முன்னாலேதாம்மா போகணும்."