தம்பியின் பளபளா கிட்டார்

"இருந்திருந்து இப்பவாடா உனக்கு மினுக்கு ஆசை வரணும்?"

அண்ணன் வாசலிலேயே நின்று கத்தினார். தம்பியின் அறையில் கால் வைக்க இடமில்லை. பேஸ் கிட்டார் அக்கக்காகக் கிடந்தது. தடித்த கம்பிகள் சுருண்டு ஒரு தட்டில், திருகாணிகள் ஒரு காலி பாட்டிலில். கறுப்பு வண்ணம் முழுக்க உரித்த கட்டை பரிதாபமாகப் பல்லிளித்தது.

தம்பி, வெந்நீரில் ஊறிய பழைய சி.டி.யைக் கத்தரியால் சில்லு சில்லாக வெட்டிக்கொண்டிருந்தான்.

"வெந்நீர்ல போட்டா விரிசல் விடாம வெட்ட வருதுண்ணே."

"அதையாடா கேட்டேன்? சனிக்கிழமை உங்க அண்ணி மேடையேறப் போறா. ஞாபகம் இருக்கா?"

"அதுக்குத்தாண்ணே இது."

"ஓஹோ! அவ பாட்டைக் கேட்க வர்ற கூட்டம் உன்னைப் பார்க்கணுமாக்கும்!"

தம்பி அடுத்த சி.டி.யை வெந்நீரில் போட்டான்.

அவர்களின் இசைக்குழுவில் அண்ணன் டிரம்ஸ், அண்ணி குரல், தம்பி பேஸ். போன வருஷம் அண்ணிக்கு முகவாதம் வந்தது. குரல் பழையபடி திரும்பிவிட்டது. வாய் மட்டும் ஒரு பக்கம் இழுத்தபடியே நின்றுவிட்டது. இந்த முறை பாட முடியாமல் போனால் இனி மைக்கையே தொடமாட்டேன் என்று அண்ணி சொல்லிவிட்டார். அண்ணனுக்கு அதுதான் பெரிய கவலை.

"கூடப் பொறந்தவனுக்கே இப்படிப் புத்தி போகுது பார்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்பினார்.

வெள்ளிக்கிழமை, இரண்டில் ஒன்று பார்த்துவிடலாம் என்று கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

கொடிக் கம்பியில் தொங்கியது கிட்டார். கட்டை முழுக்க ஒட்டிய சி.டி. சில்லுகளின் மேல் வார்னிஷ் கண்ணாடியாய் உறைந்திருந்தது. ஜன்னல் வெயில் அதில் பட்டு, சுவர், கூரை, அண்ணனின் பழைய சட்டை எல்லாம் மயில்கழுத்து நிறத்தில் தகதகத்தன. கிட்டார் லேசாகத் திரும்பியதும் அறையே கூடச் சேர்ந்து திரும்பியது. திட்ட வந்ததையே மறந்துவிட்டார். மனுஷன் கையால், அதுவும் தன் வீட்டில், இப்படி ஒன்று ஆகுமா என்று பிரமித்துப்போனார்.

சுதாரித்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா உனக்கு மனசாட்சி இல்லடா."

சனிக்கிழமை மேடை விளக்குகளின் ஒளி கிட்டாரில் விழுந்ததும் அரங்கமே "ஆ!" என்றது. கூரையெங்கும் நிறங்கள் ஓடின. குழந்தைகள் நாற்காலி மேல் ஏறி நின்றார்கள். வழக்கமாக மூலையில் தூண் மாதிரி நிற்கிற தம்பி, அன்று மேடை நடுவில் இப்படியும் அப்படியும் திரும்பித் திரும்பி வாசித்தான்.

அண்ணி மேடை ஓரத்தில் நின்று பாட ஆரம்பித்தார். யாருமே அந்தப் பக்கம் திரும்பவில்லை. அண்ணன் ஆத்திரத்தையெல்லாம் டிரம்ஸில் காட்டினார்.

முதல் பாட்டில் நடுங்கிய குரல் இரண்டாவதில் நிமிர்ந்தது. மூன்றாவதில் அண்ணி தன்னை மறந்து பாடியபடியே நடந்து மேடையின் முன்னால் வந்துவிட்டார். பாட்டு முடிந்ததும் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அதற்குள் தம்பி எப்போது மூலைக்குப் போனான் என்று யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் காலையில் அவன் அறையிலிருந்து சரக் சரக்கென்று சத்தம். அண்ணன் எட்டிப் பார்த்துப் பதறிப்போனார். தம்பி உப்புத்தாளால் அந்தச் சில்லுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பாதி கிட்டார் ஏற்கெனவே வெறும் கட்டை.

"அடப்பாவி! என்னடா பண்றே? ஊரே வாயைப் பிளந்து பார்த்துச்சேடா!"

தம்பி தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"'என் மூஞ்சியை யாரும் பார்க்கலேன்னா பாடிடுவேன்'னு அண்ணி உங்ககிட்ட சொன்னாங்க. 'அதெல்லாம் யாரு பார்க்கப் போறா, போ'ன்னுட்டு நீங்க போயிட்டீங்க. பார்க்க வேற ஏதாவது வேணும்ல, அதான் பண்ணேன். நேத்து அவங்களே முன்னாடி வந்துட்டாங்க. இனிமே இது அவங்களை மறைக்கக் கூடாதுல்லண்ணே?"