அடிப்பதற்கான பந்து

கூடையில் ஒரே ஒரு பந்து மிச்சம் இருந்தது.

ஓகிட்சு பதினொரு ஹோம் ரன் அடித்திருந்தான். அவனுக்கு முன்னால் ஆடி முடித்த எதிரணிக்காரனும் பதினொன்று. இந்தப் பந்தும் வேலியைத் தாண்டினால் கோப்பை ஓகிட்சுவுக்கு. தாண்டாவிட்டால் முதலில் ஆடியவனுக்கு.

ஹிரானுமா பேஸ்பால் மைதானத்தின் நடுவே, பந்து வீசும் மேட்டின் மேல் நின்று பந்தைக் கையில் உருட்டினார். வயது முப்பத்தாறு. நாற்பதாயிரம் பேர் பார்க்க அவர் வீசுவது இதுவே முதல் முறை.

பதினெட்டு வயதில், பந்து வீசும் பிட்சராகத்தான் ஓகிட்சு ஆடும் இந்த அணிக்கு வந்தார். ஏழு ஆண்டுகள் இரண்டாம் அணியில், பாதி காலியான சிறிய மைதானங்களில் வீசினார். முதல் அணிக்காக ஒரு பந்துகூட வீசவில்லை.

ஏழாம் ஆண்டு அக்டோபரில், கோட்டும் டையும் அணிந்து அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். அப்படி வரச் சொன்னால் எதற்கென்று எல்லாருக்கும் தெரியும்.

நீக்கிய அதே மேசையில் வேறொரு வேலையும் கொடுத்தார்கள். ஆட்டத்துக்கு முன்னால், சொந்த அணியின் மட்டைக்காரர்கள் அடித்துப் பழகுவதற்குப் பந்து போடும் வேலை.

முதுகில், ஆட்டத்தில் இறங்காதவர்களுக்கான மூன்று இலக்க எண். முன்னால் ஒரு வலை, அடிக்கும் பந்து மேலே படாமலிருக்க. நாளுக்கு நூற்றிருபது பந்துகள். எல்லாம் ஒரே வேகம், ஒரே உயரம், ஒரே இடம்.

யாரும் தவறவிடக் கூடாது. ஒருவன் தவறவிட்டால் முகத்தைச் சுளிப்பான். இரண்டு முறை தவறவிட்டால் வேறு ஆளைக் கேட்பான்.

பதினொரு ஆண்டுகளில் ஹிரானுமாவை மாற்றச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"ஹிரானுமா அண்ணன் போடுறது பந்தா? சோறுடா. பிசைஞ்சு உருட்டி வாயில வெச்சுடுவாரு. மெல்லுறது மட்டும்தான் நம்ம வேலை," என்று உடைமாற்றும் அறையில் ஓகிட்சு சொல்வான்.

எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். அந்தக் கேலியில் அன்பும் இருந்தது. அதனாலேயே அதன்மேல் கோபப்படவும் முடிந்ததில்லை.

நட்சத்திர ஆட்டத்துக்கு முன் நடக்கும் இந்த ஹோம் ரன் போட்டிக்கு, மட்டைக்காரன் தனக்குப் பந்து போட யாரை வேண்டுமானாலும் அழைத்து வரலாம்.

"நீங்கதான் வரணும்ணே. உங்க கையால சாப்பிட்டாத்தான் எனக்கு வயிறு நிறையும்," என்றான் ஓகிட்சு.

ஹிரானுமா யாரிடமும் சொல்லாதது ஒன்று உண்டு. மெதுவாகப் போடுவது வேலை, அதனால் போடுகிறார். வேண்டுமென்று நினைத்தால், ஏதோ ஒரு நாள், ஒரே ஒரு பந்தை நிஜமாகவே வீசிவிடலாம். மனைவியிடம்கூட இதைச் சொன்னதில்லை. இந்த நினைப்பு இல்லாவிட்டால் வலைக்குப் பின்னால் ஒரு வாரம்கூட அவரால் நின்றிருக்க முடியாது.

அந்தப் பந்தின் பெயர் ஃபோர்க். ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் இடுக்கி வீசுவது. நேராக வரும். மட்டையை நெருங்கியதும் தரை திறந்துகொண்டதுபோல் கீழே விழும். இரண்டாம் அணியில் அவருடைய ஃபோர்க்கைத் தொட்டவர்கள் குறைவு.

விழாவிட்டால், அதைவிட அடிக்க லகுவான பந்து கிடையாது.

ஓகிட்சு மட்டையைத் தோளுக்கு மேல் உயர்த்தி, வாயை லேசாகத் திறந்துகொண்டு நின்றான். காலை நேரங்களில் ஒன்பது ஆண்டுகளாகப் பார்த்த முகம். கொஞ்சமும் சந்தேகம் இல்லாத முகம்.

அவன் தவறவிட்டால் கோப்பை போகும். நாளையே வேறு ஆளைக் கேட்பான். ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது ஆண்டுக்கு ஒருமுறை. முதல் அணியின் நட்சத்திரம் வேண்டாம் என்று சொன்னவரை அலுவலகம் வைத்துக்கொள்ளாது.

எல்லாம் ஹிரானுமாவுக்குத் தெரிந்தது.

கையுறைக்குள் விரல்களை விரித்தார். பந்தை ஆழமாக இடுக்கினார்.

காலைத் தூக்கினார். பதினொரு ஆண்டுகளில் அவ்வளவு உயரம் தூக்கியதில்லை. கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. இடுப்பு, தோள், முழங்கை என்று இருந்த எல்லாவற்றையும் சேர்த்து வீசினார். அவருக்கே தெரியாமல் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தோளுக்குள் ஏதோ பிய்ந்தது.

பந்து விரல்களை விட்டுப் போனபோது, சரியாகப் போகிறது என்றே நினைத்தார்.

அது நேராகப் போனது. விழுவதற்காகக் காத்திருந்தார்.

மட்டையின் சத்தம் கேட்டது.

ஹிரானுமா திரும்பிப் பார்க்கவில்லை. தினமும் கேட்கும் சத்தம். எங்கே போய் விழும் என்று பார்க்காமலே தெரியும்.

நாற்பதாயிரம் பேர் எழுந்து நின்றார்கள். ஓகிட்சு மட்டையை எறிந்துவிட்டு ஓடி வந்து, வலையைத் தள்ளிவிட்டு, அவரை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டான். சிரிப்பில் அவன் உடம்பு குலுங்கியது.

"காலை அம்மாம் உயரம் தூக்கினீங்க பாருங்க, கூட்டமே சிரிச்சிடுச்சு. நான் ஒரு நொடி பயந்தே போயிட்டேண்ணே. அப்புறம் பார்த்தா, எப்பவும் வர்றதைவிட மெதுவா வருது." குரலைத் தாழ்த்தினான். "எனக்காகத்தானே அப்படிப் போட்டீங்க?"

வலது கை மேலே வரவில்லை. ஹிரானுமா இடது கையால் தொப்பியைக் கழற்றி, கூட்டத்தைப் பார்த்துக் குனிந்தார்.

"உனக்காகத்தான்," என்றார்.