கீச் இல்லாத தந்தி

கண்ணை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன்.

“வாசிங்க பாய்.”

கிட்டார் தந்தி வாங்க வந்தவர்களில் யாரும் இப்படி நின்றிருக்க மாட்டார்கள். கடைக்காரர் பஷீர் பாய் கொஞ்சம் தயங்கினார். பிறகு கிட்டாரை மடியில் வைக்கிற சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

“ஒயர் சொருவட்டுமாம்மா? எலெக்ட்ரிக் கிட்டாரு ஸ்பீக்கர் பெட்டில மாட்னாத்தான் பேசும். இல்லன்னா வெறும் கட்டை.”

“வேணாம் பாய். எங்க வூட்ல வெறும் கட்டையாத்தான் வாசிக்கிறாரு.”

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் எங்களுக்கு ஒரே அறை. ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி முடித்துக் காலையில் வருவேன். வந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவேன். என் கணவர் பீம்ராவுக்கு மணலி கம்பெனியில் மதியம்தான் ஷிஃப்ட். நான் படுத்த கொஞ்ச நேரத்தில், பீரோவுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு கிட்டாரை எடுப்பார்.

என் பெயர் ரமாபாய். எங்கள் இரண்டு வீட்டிலும் ஜாதகம் பார்க்கிற வழக்கம் கிடையாது. சட்டம் எழுதிய அண்ணலின் பெயரும் அவர் மனைவியின் பெயரும் ஜோடி சேர்ந்ததைக் கேட்டதுமே பெரியவர்கள் சிரித்துவிட்டார்கள். இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும் என்று அன்றைக்கே பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை கிட்டார் வாசிப்பாரா, குறட்டை விடுவாரா என்றெல்லாம் ஒருவரும் விசாரிக்கவில்லை.

குறட்டை இல்லை. கிட்டார்தான்.

வாசிப்பில் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் விரல் தந்தியின் மேல் வழுக்கி இடம் மாறும்போது ஒரு ‘கீச்’ வரும் பாருங்கள், பொறியில் எலி மாட்டின மாதிரி. அதோடு எல்லாம் கெட்டது.

அந்தக் கீச்சை ஒழித்துக்கட்டத்தான் இன்று வார லீவில், மார்க்கெட் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். கிட்டார் உறையில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் விலாசத்தை வைத்து, வண்ணாரப்பேட்டைச் சந்துகளில் விசாரித்து விசாரித்து இந்தக் கடையைக் கண்டுபிடித்தேன். வீட்டுக்காரருக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. கடல் காற்றில் தந்தி துருப்பிடித்துவிட்டது, சனிக்கிழமை மாற்றப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அதற்குள் பாயைக் கையில் போட்டுக்கொள்ள வேண்டும். அவர் பெயர், என் நைட் டூட்டி, நான் படுத்ததும் அவர் வாசிப்பது எல்லாம் வந்ததுமே பாயிடம் சொல்லிவிட்டேன்.

பாய் முதலில் என் கணவர் வழக்கமாக வாங்கும் தந்தியை வாசித்துக் காட்டினார்.

கீச்.

“இதே எலிதான் பாய்!”

பாய் சிரித்தார். “உருண்டைக் கம்பி சுத்துன தந்தி அப்டித்தாம்மா. தொட்டுப் பாரு, மேடு பள்ளமா கீதா? அதுல வெரலு ஒரசுது. பட்டைக் கம்பி சுத்துனதும் கீது. ரயில்வே குவார்ட்டர்ஸ்ல ஆங்கிலோ இந்தியன் பெரியவங்க கேப்பாங்க. மத்தபடி ஒருத்தனும் சீந்த மாட்டான்.”

அதையும் தடவிப் பார்த்தேன். கத்தியின் முதுகு மாதிரி வழுவழுவென்று இருந்தது. பார்த்ததுமே பிடித்துவிட்டது.

மறுபடி திரும்பி நின்றேன். எங்கள் கட்டிலுக்கும் ஸ்டூலுக்கும் இருக்கிற தூரத்தை மனதில் கணக்குப் போட்டு இன்னும் கொஞ்சம் தள்ளிக்கொண்டேன். பாய் அந்தத் தந்தி மாட்டியிருந்த இன்னொரு கிட்டாரை எடுத்து வாசித்தார். கீச் இல்லை. கீச் மட்டுமா, விரல் போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை.

“தடிமனான தந்தி” என்றார் பெருமையாக. “தலமாட்டுல ஒக்காந்து வாசிச்சாக்கூட காதுல வுழாது. நிம்மதியா தூங்கலாம்.”

“வேற எதுனா கீதா பாய்?”

“பட்டைலயே மெல்லிசு ஒண்ணு கீது. அதுவும் கீச்சுன்னாது. ஆனா இதுக்கு அது சத்தம் ஜாஸ்தி. நைட் டூட்டி பாக்குற பொண்ணுக்கு அது ஆவாதும்மா.”

“வாசிங்க, பாக்கலாம்.”

தெருவில் ஒரு லாரி உறுமிக்கொண்டு போனது. அது போய் முடியும்வரை இரண்டு பேரும் காத்திருந்தோம்.

பிறகு அந்த மெல்லிசுத் தந்தியின் சத்தம் வந்தது. சின்னச் சத்தம்தான். ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனியாக, சுத்தமாகக் காதுக்கு வந்து சேர்ந்தது. விரல் மேலே ஏறியது, கீழே இறங்கியது. எலி செத்துப்போயிருந்தது. எனக்கு அப்படியே சிரிப்பு வந்துவிட்டது.

“கேக்குதா?”

“கேக்குது பாய். ஒண்ணு வுடாம கேக்குது.”

“நாந்தான் சொன்னேனே. அப்ப தடிமனையே எடுத்து வெச்சிடறேன்.”

“ஐயோ, வேணாம். இந்த மெல்லிசுதான் வேணும். சனிக்கிழமை அவரு வந்தா, எப்பவும் வாங்குறது தீந்துபோச்சுன்னு சொல்லி இதையே மாட்டி வுட்ருங்க. நான் வந்துட்டுப் போனத மட்டும் சொல்லிடாதீங்க.”

பாய் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“இன்னாம்மா நீ? தூக்கம் கெடுமே?”

“தூங்குனாத்தானே பாய் கெடும்?”

நான் விழித்திருந்தால் அவர் கிட்டாரைத் தொடுவதில்லை. அவ்வளவு வெட்கம். வாசிங்க என்று கெஞ்சினால், “கைக்கு வரல” என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார். நான் கண்ணை மூடிப் படுத்த பிறகுதான் அந்தக் கைக்கு எல்லாம் வரும். நானும் அசையாமல் கிடப்பேன். நல்ல இடமாகப் பார்த்து அந்தக் கீச் வரும். என்னை எழுப்பிவிட்டோமோ என்று பயந்து அப்படியே நிறுத்தி, கிட்டாரை உறைக்குள் போட்டுவிடுவார். கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவர் வாசித்து ஒரு பாட்டைக்கூட நான் முழுசாகக் கேட்டதில்லை.

இனிமேல் கேட்பேன். பாட்டு முடிந்ததும் என்னை மறந்து கைதட்டிவிடக் கூடாது, அது ஒன்றுதான் இப்போது கவலை.